மாடல் மாறிவிட்டது, ஃபைல் மாறவில்லை

மாடல் என்றதும் ஃபேஷன் ஷோவை நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். :) இது கேட் மாடல் பற்றியது. கேட் என்றால் ஐஐஎம்மில் சேர எழுதுகிற கேட் பரீட்சையும் இல்லை. இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைகிறார்களே, அந்த மென்பொருள். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சோறு போடுகிற சாமான்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டிசைன் ஃபைல் தப்பாகப் போனால், அந்தக் கதையின் கடைசி வரி எழுதப்படுவது எங்கள் ஆட்களின் மேஜையில். டெபிட் நோட்டாக, ஸ்கிராப் விற்பனையாக, வராத பாக்கியாக வந்து சேரும். அதனால் இதில் கருத்துச் சொல்ல எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கேட் மாடலில் இருந்து ஒரு ஃபைலை எக்ஸ்போர்ட் செய்து அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அந்த மாடல் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது அனுப்புகிறவரின் கடமை. வாங்குகிறவரின் கடமை இல்லை. ஏனென்றால் வாங்குகிறவர் நினைத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. (எங்கள் பாடத்தில் எக்ஸ்போர்ட் என்றால் தூத்துக்குடி துறைமுகம். இங்கே அதன் அர்த்தம், மாடலை மற்ற மென்பொருளும் மெஷினும் படிக்கிற வடிவத்தில் எடுத்துக் கொடுப்பது.)

மாடல் எப்படிப் பழசாகும்?

மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

காகிதத்தில் வரைந்த காலத்தில் டிராயிங் என்பது வெறும் கோடுகள். ஒன்றை அழித்து இன்னொன்று போட்டால் வேலை முடிந்தது. இன்றைய கேட் மாடல் சமையல் குறிப்பு மாதிரி. "இந்தச் செவ்வகத்தை வரை. 8 மி.மீ. தடிமன் கொடு. ஓரத்தில் இருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு துளை போடு. அதே துளையை மற்ற மூன்று மூலைகளுக்கும் கொண்டு போ" என்று வரிசையாகக் கட்டளைகள். செவ்வகத்தைப் பெரிதாக்கினால் துளைகளும் கூடவே நகர வேண்டும். அளவுகளுக்குள் இப்படி உறவு வைக்கலாம் என்ற யோசனையின் வேர், 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில் இருக்கிறது. 1980களின் கடைசியில் ப்ரோ/எஞ்சினியர் அதை டிசைன் அலுவலகங்களுக்குள் கொண்டு வந்தது. 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸ் அதையே சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் செய்து காட்டியது.

ஒரு அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். சாலிட்வொர்க்ஸ்காரர்கள் இதை ரீபில்ட் என்பார்கள். கிரியோவில் ரீஜெனரேட், கேட்டியாவிலும் இன்வென்டரிலும் அப்டேட், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் ரீகம்ப்யூட். பேர்தான் வேறு, வேலை ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால் இது எல்லா நேரமும் தானாக நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ள அசெம்ப்ளியில் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் முழுக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தால், டிசைனர் நாள் முழுக்க டீக்கடையிலேயே இருக்க வேண்டியதுதான். அதனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைக்க எல்லா மென்பொருளிலும் வழி இருக்கிறது.

நம் வகுப்பு நண்பர்களுக்கு எக்செல் வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். எக்செல்லில் கால்குலேஷனை மேனுவல் என்று மாற்றி வைத்துவிட்டு ஒரு செல்லில் எண்ணை மாற்றிப் பாருங்கள். கூட்டுத்தொகை நகராது. கீழே ஓரத்தில் 'கால்குலேட்' என்று ஒரு வார்த்தை மட்டும் வந்து நிற்கும். எஃப்9 அழுத்தும் வரை திரையில் இருப்பது பழைய மொத்தம்தான். அந்தத் தாளை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவேதான் இங்கேயும்.

மென்பொருள்கள் சும்மா இருப்பதில்லை, குறி காட்டுகின்றன. சாலிட்வொர்க்ஸில் சிக்னல் விளக்கு மாதிரி ஒரு சின்னப் படம். கிரியோவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. இன்வென்டரில் மின்னல் குறி. ஃப்ரீகேடில் பாகத்தின் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீல டிக். சாலிட்வொர்க்ஸ் டிராயிங்கில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைத்திருந்தால், பழசாகிப்போன படத்தின் மேல் சாய்கோடு போட்டே காட்டும். எல்லாமே கண்ணில் படும் அளவுக்குத்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, "ஃபைல் அனுப்பிட்டீங்களா சார்?" என்று மூன்றாவது போன் வரும்போது யார் கண்ணில் படும் என்பதுதான் கேள்வி.

வெளியே போன ஃபைலுக்கு ஞாபகம் கிடையாது

மாடல் டிசைனர் கையில் இருக்கும் வரை பரவாயில்லை. திறந்து பார்க்கலாம், கட்டளைகள் தெரியும், குறி தெரியும். வெளியே போகும் ஃபைலின் கதை வேறு.

பெரும்பாலும் வெளியே போவது ஸ்டெப், எஸ்டிஎல், டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப் இந்த நான்கில் ஒன்று. ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 என்ற சர்வதேசத் தரம், 1994இல் முதலில் வெளிவந்தது. எந்த கேட் மென்பொருளும் படிக்கும். ஆனால் வழக்கமாக அதில் போவது முடிந்துபோன வடிவம் மட்டும். "ஓரத்தில் இருந்து 20 தள்ளி" என்ற கட்டளை அதில் இருக்காது. 1987இல் த்ரீடி சிஸ்டம்ஸ் கொண்டு வந்த எஸ்டிஎல்லில் இன்னும் மோசம். முழுக்க முக்கோணங்கள்தான். அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட அதில் எழுதியிருக்காது. லேசர் கட்டிங்குக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் கோடும் வட்டமும்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டெப் ஃபைலின் தலைப்பகுதியில் தேதியும் நேரமும் இருக்கும். அது எக்ஸ்போர்ட் செய்த நேரம், மாடல் கடைசியாக அப்டேட் ஆன நேரம் இல்லை. ஆக, பழைய வடிவத்தின் மேல் இன்றைய தேதி உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர் தேதியைப் பார்த்து, "ஓ, புது ஃபைல்" என்று நம்பிவிடுவார். கணக்கில் இப்படிச் செய்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? பேலன்ஸ் ஷீட்டில் எந்தத் தேதிக்கான நிலை என்பதுதான் முக்கியம், எந்தத் தேதியில் அச்சடித்தோம் என்பது இல்லை.

விளக்கு பச்சை, மாடல் பழசு

லீவில் சில வாரங்கள் கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் டேலி என்ட்ரி போட்டுக் கொடுத்தேன். அப்போது வந்தது ஒரு டெபிட் நோட். அனுப்பியவர் மெஷின் செய்கிற ஒரு வாடிக்கையாளர். 60 மோட்டார் பிளேட்டில் துளைகள் தப்பான இடத்தில் இருப்பதாகவும், அத்தனைக்கும் பணத்தைப் பிடிப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

முதலாளி மெயிலில் வந்த டிஎக்ஸ்எஃப்பைத் திறந்து காட்டினார். துளைக்குத் துளை 140 மி.மீ. வெட்டிய தட்டிலும் 140. "ஃபைல்ல என்ன இருக்குதோ அதத்தானுங்க தம்பி வெட்ட முடியும்? நாம என்ன ஜோசியமா பாக்கறது?" என்றார். அந்தக் கம்பெனியிலோ மோட்டாரை மாற்றி 160 ஆக்கியாகிவிட்டது. மாடலிலும் 160 இருந்தது. பின்னே ஃபைலில் மட்டும் எப்படி 140?

அங்கேயிருந்த டிசைனர் அண்ணன் ஒருவர் பிறகு விளக்கினார். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அதைக் கேட்டுத்தான். பிளேட்டின் துளைகள் அசெம்ப்ளியில் இருக்கும் மோட்டாரைப் பார்த்து அளவை எடுத்துக்கொள்ளும்படி வரையப்பட்டிருந்தன. மோட்டாரை மாற்றியவர் ஒருவர். பிளேட்டை மட்டும் தனியாகத் திறந்து எக்ஸ்போர்ட் செய்தவர் இன்னொருவர். அசெம்ப்ளி திறந்திருந்தால்தான் பிளேட்டுக்குப் புது அளவு வந்து சேரும். தனியாகத் திறந்த பிளேட்டுக்கு மோட்டார் மாறியதே தெரியாது. ஆகவே அது ரீபில்ட் கேட்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி. சாலிட்வொர்க்ஸில் இந்த நிலையைக் காட்ட பாகத்தின் பேருக்குப் பின்னால் ஒரு அம்புக்குறியும் கேள்விக்குறியும் வரும். அர்த்தம் தெரிந்தவருக்குத்தான் அது எச்சரிக்கை, மற்றவர்களுக்கு ஏதோ ஒரு கிறுக்கல்.

அப்டேட் ஆகியிருக்கிறதா என்ற கேள்வியை அந்த ஒரு ஃபைலிடம் மட்டும் கேட்டால் போதாது என்பது இதில் இருந்து தெரிகிறது. அது யாரைப் பார்த்து அளவு எடுக்கிறதோ அவரிடமும் கேட்க வேண்டும். பாஸ்புக்கைப் பார்க்காமல் கேஷ் புக்கை மட்டும் பத்து முறை கூட்டிப் பார்த்தால் கூட்டல் சரியாகத்தான் வரும். பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

நஷ்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 400க்கு 300, 8 மி.மீ. தடிமன் இரும்புத் தட்டு ஒன்று ஏழரை கிலோ. அறுபது தட்டு 450 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கு மட்டும் 27,000. ஸ்கிராப்புக்குப் போட்டால் பாதி வரும். மெஷின் நேரம், ஆக்சிஜன், கரண்ட், வண்டி வாடகை எல்லாம் தனி. கடைசியில் பாதிப் பாதி என்று பேசி முடித்தார்கள். தப்பே செய்யாத பட்டறை பாதியை ஏற்றுக்கொண்டது. ஏன்? அடுத்த ஆர்டர் வேண்டுமே! எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். கவனிக்காமல் விட்டது ஏசி அறையில், பணம் போனது தகரக் கூரைக்குக் கீழே.

பெரிய இடத்துக் கதை

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதை பிசினஸ் பாடப் புத்தகத்துக்கே ஏற்றது. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் வயர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியாவின் நான்காம் பதிப்பில் வேலை செய்தார்கள், பிரான்சின் துலூஸில் ஐந்தாம் பதிப்பில். ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவரின் டிஜிட்டல் மாடலில் ஒழுங்காக வந்து சேரவில்லை. ஹாம்பர்க்கில் தயாரான வயர் கட்டுகளைத் துலூஸில் மாட்டப் பார்த்தால் சில இடங்களில் நீளம் பற்றவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்களை ஹாம்பர்க்கில் இருந்து வரவழைத்துக் கையாலேயே சரிசெய்ய வேண்டியதாயிற்று.

2006 ஜூனில் தாமதத்தை அறிவித்தார்கள். தாய் நிறுவனமான இஏடிஎஸ்ஸின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. அடுத்த மாதம் இஏடிஎஸ்ஸின் இணைத் தலைமை அதிகாரி நோயல் ஃபோர்ஜாரும் ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட்டும் பதவி விலகினார்கள். அக்டோபரில், 2010 வரையிலான லாபத்தில் சுமார் 480 கோடி யூரோ குறையும் என்று கணக்குச் சொன்னார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபர் 15இல்.

மென்பொருள் பதிப்பு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். நிர்வாகச் சண்டை, நாட்டுக்கு நாடு இழுபறி, அலுமினிய வயரை வளைக்கும் விதிகள் என்று நிறைய இருந்தன. ஆனாலும் அடியில் இருக்கிற விஷயம் கணபதி பட்டறையில் பார்த்ததுதான். மாற்றம் ஒரு இடத்தில் நடந்தது, வெட்டுகிற இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை, போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அப்டேட் பண்ணிவிட்டு அனுப்பினால் போச்சா?

இதைப் பேசும்போது மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் உடனே சொன்னான், "இவ்ளோதானே மச்சி, எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினா தானா அப்டேட் ஆகிற மாதிரி வச்சுட்டா முடிஞ்சுது." எக்செல்லிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. மேனுவலில் வைத்தாலும், சேவ் செய்வதற்கு முன் திரும்பக் கணக்கிடு என்று ஒரு டிக் கூடவே இருக்கும். கேட் மென்பொருளிலும் அப்படி வைத்தால் என்ன?

நானும் முதலில் சரி என்றுதான் நினைத்தேன். யோசித்தால் அதிலும் ஓட்டை இருக்கிறது.

ஒன்று, அப்டேட் செய்தால் எல்லாம் ஒழுங்காக வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு அளவு மாறியதால் ஏதோ ஒரு மூலையின் வளைவு போட முடியாமல் தோற்றுப்போகலாம். அந்தப் பிழையைப் பார்க்காமல் ஃபைலை வெளியே தள்ளினால் வளைவே இல்லாத பாகம் போகும். நூறு ஃபைல்களை ராத்திரி தானாக எக்ஸ்போர்ட் செய்கிற ப்ரோகிராம் எழுதி வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

இரண்டு, இதுதான் பெரிசு. எப்போதும் புதியதுதான் சரியானது என்று யார் சொன்னது? வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது பி ரிவிஷன். அலுவலகத்தில் யாரோ சி ரிவிஷனுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறார். தானாக அப்டேட் ஆனால் யாரும் ஒப்புக்கொள்ளாத அரைகுறை மாற்றம் பி என்ற பெயரிலேயே வெளியே போய்விடும். மார்ச் 31இல் கணக்கை முடித்த பிறகு ஏப்ரல் பில் ஒன்று உள்ளே நுழைவது மாதிரி. கணக்கில் இதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். பழைய பில் விடுபடுவதும் தப்பு, புதிய பில் நுழைவதும் தப்பு.

அதனால் நான் கேட்பது கட்டாய அப்டேட் இல்லை, கட்டாயக் கேள்வி. "இந்த மாடல் அப்டேட் ஆகவில்லை. அப்டேட் செய்யவா, இப்படியே அனுப்பவா, நிறுத்தவா?" பதில் சொல்பவர் மனிதராக இருக்கட்டும், அந்தப் பதில் எங்காவது பதிவாகட்டும். இது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் கேட்டால் இன்வென்டர் 'ரிக்வயர்ஸ் அப்டேட்' என்ற பண்பில் ஆமாம் இல்லை என்று சொல்லும். கேட்டியாவில் 'இஸ் அப் டு டேட்' என்று கேட்கலாம். சாலிட்வொர்க்ஸிலும் ரீபில்ட் தேவையா என்று கேட்க வழி உண்டு. மென்பொருளுக்குப் பதில் தெரியும், நாம்தான் கேட்காமல் ஃபைலை அனுப்புகிறோம்.

நேரம் ஆகிறதே என்பார்கள். உண்மைதான், பெரிய அசெம்ப்ளியை முழுதாக ரீபில்ட் செய்ய அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் அரை மணி டிசைனர் சம்பளத்தையும் 450 கிலோ இரும்பையும் தராசில் வைத்துப் பாருங்கள். முதல் செமஸ்டர் காஸ்டிங் படித்தவனே பதில் சொல்லிவிடுவான்.

என்ன செய்யலாம்?

மென்பொருள் கம்பெனிகள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எங்கள் கணக்குப் புத்தியையும் சேர்த்துச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. பாகத்தைத் தனியாகத் திறந்து எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். அது எந்த அசெம்ப்ளியைப் பார்த்து அளவு எடுக்கிறதோ அதைத் திறந்து, முழுதாக அப்டேட் செய்து, பிழை ஏதும் இல்லை என்று பார்த்து, சேவ் செய்த பிறகு எடுங்கள்.

2. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைத் திரும்பத் திறந்து ஒரே ஒரு அளவை அளந்து பாருங்கள். எந்த அளவு? கடைசியாக மாற்றிய அளவு. அந்த பிளேட்டில் இதைச் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் 140 என்று தெரிந்திருக்கும்.

3. ஃபைல் பெயரில் ரிவிஷன் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்பதெல்லாம் ரிவிஷன் இல்லை. :)

4. பர்ச்சேஸ் ஆர்டரில் ஃபைல் பெயரையும் ரிவிஷனையும் எழுதுங்கள். கூடவே, அனுப்பிய ஃபைலின்படி வெட்டியிருந்தால் நஷ்டம் அனுப்பியவருடையது என்று ஒரு வரியும் இருக்கட்டும்.

நான்காவதுதான் எங்கள் துறை சார்ந்தது. மற்ற மூன்றும் நடக்க வேண்டுமானால் அது வேண்டும் என்பது என் கருத்து. சரிபார்க்காததற்கு விலை கொடுப்பவர் ஒருவர், சரிபார்க்க வேண்டியவர் வேறொருவர் என்று இருக்கும் வரை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இது மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அவர்களுக்கு அது செலவாகவே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் நண்பர்களே, நாளை வேலைக்குப் போய் முதல் ஃபைலை எக்ஸ்போர்ட் செய்யும்போது பட்டனை அழுத்தும் முன் அந்தச் சின்னக் குறியை ஒருமுறை பாருங்கள். பச்சையாக இருந்தாலும் அசெம்ப்ளியைத் திறந்து இன்னொரு முறை பாருங்கள். மறுமுனையில் ஒருவர் நீங்கள் அனுப்பியதை அப்படியே நம்பி இரும்புத் தகட்டை மெஷினில் ஏற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு வழி இல்லை.